போடினான் என்று யாரும் சொல்வதில்லை
பிரெஞ்சு மொழியின் ஒழுங்கற்ற எச்சங்களும் தமிழ் நாவும்

ஆடி மாதம். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்த நேரம். குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும் கேரளத்துக் குடும்பங்கள் வயல் ஓரம் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. மேற்கே மலையிலிருந்து இறங்கிய சாரல் திண்ணை வரை வந்து நின்றது. திண்ணையில் அக்காள் மகள் ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பொறியியல் முடித்தவள், மேற்படிப்புக்கு பிரான்ஸ் போக தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதப் போகிறாள். நோட்டில் இரண்டு வரிசை. இடப்பக்கம் வினைச்சொல், வலப்பக்கம் அதன் இறந்தகால எச்சம். மொத்தம் அறுபது.

"மாமா, நேத்து ராத்திரி பூரா படிச்சேன். காலையில பாதி மறந்துபோச்சு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல."

"ஏட்டி, ஆடுன்னா ஆடினான். பாடு?"

"பாடினான்."

"ஓடு? தேடு?"

"ஓடினான், தேடினான்."

"போடு?"

"போட்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாகச் 'சோறு போட்டாச்சா' என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, போடு மட்டும் ஏன் வரிசை தாண்டுகிறது என்று அன்றுவரை தோன்றியதில்லை. போடினான் என்று அவளுக்கு ஒருநாளும் வாயில் வந்ததுமில்லை.

இந்தக் கட்டுரை அந்த நிறுத்தத்திலிருந்து பிறந்தது. பிரெஞ்சு கற்கும் தமிழர்களை அதிகம் அலைக்கழிப்பது ஒழுங்கற்ற இறந்தகால எச்சங்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதுதான் வழக்கமான மருந்து. ஆனால் அதே வகைக் குழப்பத்தைத் தமிழ் தன் வினைகளுக்குள் வைத்திருக்கிறது. அதற்குப் 'புணர்ச்சி' என்று பெயரிட்டு விளக்கமும் தந்திருக்கிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் பிரெஞ்சுப் பட்டியல் பட்டியலாக இராது.

எஞ்சி நிற்பதும் பங்கு கொள்வதும்

பெயரிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சு இலக்கணம் இதைப் 'பார்த்திசிப்' என்கிறது. பங்கு கொள்வது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வினையின் குணத்திலும் பெயரடையின் குணத்திலும் பங்கு கொள்வதால் அந்தப் பெயர். தமிழில் எச்சம், முற்றுப்பெறாமல் எஞ்சி நிற்பது, இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது. பெயரை எதிர்பார்த்தால் பெயரெச்சம், வினையை எதிர்பார்த்தால் வினையெச்சம்.

'எழுதிய கடிதம்' என்பதில் வருவது பெயரெச்சம். 'எழுதியிருக்கிறேன்' என்பதில் இருப்பது 'எழுதி' என்ற வினையெச்சம். பிரெஞ்சில் இரண்டு வேலையையும் 'எக்ரி' என்ற ஒரே உருவம் செய்கிறது. 'எழுது' என்பதற்குரிய 'எக்ரீர்' என்ற வினையின் எச்சம் அது. பேச்சிலும் கடிதத்திலும் கடந்ததைச் சொல்ல பிரெஞ்சுக்காரர் நம்பியிருக்கும் 'பஸ்ஸே கொம்போஸே' என்ற காலம், ஒரு துணைவினையும் இந்த எச்சமும் சேர்ந்ததுதான். எச்சம் தெரியாமல் நேற்று என்ன நடந்தது என்று ஒரு வரிகூடச் சொல்ல முடியாது.

உருவாக்கும் விதி மூன்று. 'பர்லே' (பேசு) போன்ற முதல் வகை வினைக்கு ஏகார ஒலியில் முடியும் எச்சம். பிரெஞ்சு வினைகளில் சுமார் 90 விழுக்காடு இந்த வகையில் அடங்கும். 'ஃபினீர்' (முடி) போன்றவற்றுக்கு இகரம்: ஃபினி. 'வாந்த்ர்' (விற்பனை செய்) போன்றவற்றுக்கு இதழ் குவித்துச் சொல்லும் இகரம்: வாந்த்யு. வாயை 'உ' சொல்வதுபோல் குவித்துக்கொண்டு 'இ' என்றால் வரும் ஒலி அது. தமிழில் எழுத்து இல்லாததால் இங்கே 'யு' என்று எழுதுகிறேன்.

விதிக்குள் அடங்காதவை தொகையில் சிறிய கூட்டம். ஆனால் இரு, உடைமை கொள், செய், சொல், பார், வா, எடு, வை, குடி, படி, எழுது, பிற, இற என்று வாழ்க்கையின் பாதி அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

லத்தீன் புணர்ச்சி, தமிழ்ப் புணர்ச்சி

தமிழ் வினைகளின் இறந்தகாலத்தைப் பாருங்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் இறந்தகால இடைநிலைகளாகச் சொல்பவை நான்கு: த், ட், ற், இன். எழுதினான், பேசினான், ஓடினான் என்பவை 'இன்' கொண்டவை. செய்தான் என்பதில் 'த்'. உண்டான் என்பதில் 'ட்', கற்றான் என்பதில் 'ற்'. நான்கும் நான்கு வேறு விதிகள் போலத் தோன்றும். கொஞ்சம் உரசிப் பார்த்தால் உள்ளே புணர்ச்சி வேலை செய்வது தெரியும். உண் என்பதன் ணகரத்தை அடுத்து தகரம் வந்தால் அது டகரமாகும். கல் என்பதன் லகரமும் தகரமும் சேர்ந்தால் 'ற்ற்'. கேள் என்பதன் ளகரமும் தகரமும் சேர்ந்தால் 'ட்ட்'. தின் என்பதோடு தகரம் சேர்ந்தால் தின்ற. பொற்குடம், மட்குடம் என்று பள்ளியில் பிரித்து எழுதிய அதே கணக்குதான். ஒழுங்கில்லாததாகத் தோன்றுவது இரண்டு மெய்கள் மோதிய தழும்பு.

இனி, பிரெஞ்சு பிறந்த லத்தீன். 'எழுது' என்பதற்கு அங்கே வேர் 'ஸ்க்ரிப்'. அதன் கடைசி ஒலி மெல்லிய பகரம். அதோடு 'தும்' என்ற எச்ச விகுதி சேர்ந்தபோது அது வல்லின பகரமாக இறுகி 'ஸ்க்ரிப்தும்' ஆனது. காலப்போக்கில் ஓசைகள் தேய்ந்து பிரெஞ்சில் 'எக்ரி' என்று நிற்கிறது. 'வை' என்ற பொருளில் வரும் பிரெஞ்சு வினையான 'மெத்ர்' என்பதன் எச்சம் 'மி'. பட்டியலில் பார்த்தால் தலையும் காலும் புரியாது. லத்தீனில் அதன் வேர் தகரத்தில் முடியும். தகரமும் தகரமும் மோதி இரட்டைச் சகர ஒலியாகி 'மிஸ்ஸும்' ஆனது. லகரமும் தகரமும் மோதி 'கற்ற' ஆன அதே கதை. 'எடு' என்ற 'ப்ராந்த்ர்' என்பதன் எச்சம் 'ப்ரி' ஆனதும், 'சொல்' என்ற 'தீர்' என்பதன் எச்சம் 'தி' ஆனதும், 'செய்' என்ற 'ஃபேர்' என்பதன் எச்சம் 'ஃபே' ஆனதும் இதே பாதையில்தான்.

இந்தப் பழைய மெய்கள் முழுக்கச் சாகவில்லை. 'எக்ரி' என்பதன் எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஒரு தகரம் மௌனமாக உட்கார்ந்திருக்கிறது. பெண்பாலில் அது வாய் திறக்கும்: எக்ரித். 'மி' பெண்பாலில் 'மீஸ்'. 'ஊவேர்' (திறந்த) பெண்பாலில் 'ஊவேர்த்'. ஆகவே எச்சத்தைப் பெண்பாலோடு சேர்த்துச் சொல்லிப் பழகினால், எழுத்துக்கூட்டல் தனியாக மனப்பாடம் செய்யாமலே கைவரும். திண்ணைப் பாடத்தின் முதல் திருத்தம் இதுவாகத்தான் இருந்தது. வலப்பக்க வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை.

புணர்ச்சியால் விளக்க முடியாத சில இரண்டு மொழியிலும் உண்டு. வா, வந்தான் ஆகிறது. சொல், சொன்னான் ஆகிறது. போ, போனான் ஆகிறது. சா என்பது செத்தான் என்று உயிரையே மாற்றிக்கொள்கிறது. பிரெஞ்சிலும் சாவு ஒழுங்கற்றதுதான்: 'மூரீர்' என்பதன் எச்சம் 'மோர்'. பிறப்பும் அப்படியே: 'நேத்ர்' என்பதற்கு 'நே'.

ஏன் இவை திருந்துவதில்லை?

மொழி தன் போக்கில் ஓடும்போது ஒழுங்கற்றவை மெல்ல ஒழுங்குக்கு வரும். 2007-இல் நேச்சர் இதழில் லீபர்மனும் சகாக்களும் ஆங்கில வினைகளை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். பழைய ஆங்கிலத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட 177 ஒழுங்கற்ற வினைகளில் இன்றுவரை ஒழுங்கற்றே நிற்பவை 98. அதிகம் புழங்கும் சொல் தப்பிக்கிறது, அரிதாகப் புழங்குவது திருந்திவிடுகிறது. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாகத் திருந்துகிறது என்பது அவர்கள் கண்ட விகிதம்.

தமிழில் இதற்கு நல்ல சாட்சி 'புகு'. பழைய நூல்களில் புக்கான்; இன்று புகுந்தான். 'மிகு' என்பதற்கும் மிக்க என்பதே பழைய எச்சம். மிகுந்த என்பது பின்னால் பெருகியது. ஆனாலும் 'மிக்க நன்றி' என்ற தொடருக்குள் பழையது இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சிலும் அப்படி ஒளிந்திருப்பவை உண்டு. 'வாந்த்ர்' என்பதன் இன்றைய எச்சம் வாந்த்யு. விற்பனையைக் குறிக்கும் 'வாந்த்' என்ற பெயர்ச்சொல்லோ, வேறொரு பழைய எச்சம் பெயராக உறைந்து நின்றது.

'யு' ஒலியில் முடியும் எச்சங்களின் கதை இன்னும் சுவையானது. செவ்வியல் லத்தீனில் அந்த விகுதி கொண்டவை கொஞ்சம்தான். சந்தையிலும் படைமுகாமிலும் பேசிய மக்கள் அதைப் பல வினைகளுக்கும் நீட்டினார்கள். 'வா' என்பதன் லத்தீன் எச்சம் 'வென்தும்'. மக்கள் வாயில் அது 'வெனூதும்' ஆகி, இன்று பிரெஞ்சில் 'வெனீர்' என்ற வினையின் எச்சம் 'வென்யு'. அன்று இலக்கண ஆசிரியர் காதில் பிழையாக விழுந்திருக்கக்கூடிய உருவம் இன்று பாடநூலில் சரியான விடை. பிரெஞ்சுக் குழந்தைகள் 'ப்ராந்த்ர்' என்பதற்கு 'ப்ரி' சொல்லாமல் 'ப்ராந்த்யு' என்று சொல்வதும், 'மோர்' என்பதற்குப் பதில் 'மூர்யு' என்பதும் அதே மரபு. கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்கிறவள் 'ப்ராந்த்யு' சொல்ல முடியாது. யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. விதி பிடிபட்டதால்தான் பிழை வருகிறது.

புதுச் சொல் எங்கே போய்ச் சேருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பிரெஞ்சில் புதிதாகப் பிறக்கும் வினை ஏறத்தாழ எப்போதும் முதல் வகையில்தான் சேரும். தமிழில் அந்த வாசல் 'பண்ணு'. போன் பண்ணினேன், டவுன்லோடு பண்ணினேன், புக் பண்ணினேன். எந்த ஊர் வினையானாலும் 'பண்ணு' அதன் கையைப் பிடித்து 'இன்' இடைநிலைக்குள் அழைத்துவந்துவிடும். ஒழுங்கற்ற கூட்டத்துக்குள் புது ஆள் சேர்வதில்லை. ஆகவே பிரெஞ்சு கற்பவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. அந்தப் பட்டியல் இனி வளராது.

தமிழ் கைகொடுக்கும் இடம், காலை வாரும் இடம்

'வந்திருக்கிறேன்' என்பதைப் பிரித்தால் வந்து, இரு, கிறு, ஏன். பிரெஞ்சில் இதையே 'ஜெ ஸ்வி வென்யு' என்பார்கள். ஜெ என்றால் நான். ஸ்வி என்றால் இருக்கிறேன். வென்யு என்றால் வந்த. கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரிசை மட்டும் திரும்பியிருக்கிறது. இரண்டு மொழியிலும் 'வா' ஒழுங்கற்றது. இரண்டிலும் துணைவினை 'இரு'. வெனீர், அலே (போ), நேத்ர், மூரீர் என்று போக்குவரத்தையும் நிலைமாற்றத்தையும் சொல்லும் பதினைந்து சொச்சம் வினைகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

இந்தச் சௌகரியத்தில்தான் பள்ளம். சாப்பிட்டிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், பார்த்திருக்கிறேன் என்று தமிழ் எல்லா வினைக்கும் இரு என்பதையே போடும். ஒரு பொருளை 'வைத்திருக்கிறேன்' என்று சொல்லும்போதும் அடியில் இரு. உடைமையைச் சொல்ல நமக்குத் தனி வினையே கிடையாது; 'எனக்கு ஒரு தம்பி இருக்கான்' என்றுதான் சொல்கிறோம். பிரெஞ்சுக்கு 'அவ்வார்' என்ற உடைமை வினை உண்டு. மிகப் பெரும்பாலான வினைகளுக்கு அதுவே துணை. 'ஜே மான்ஜே' என்றால் சாப்பிட்டேன். தமிழை அப்படியே பெயர்த்து 'ஜெ ஸ்வி மான்ஜே' என்றால், என்னை யாரோ தின்றுவிட்டார்கள் என்று பொருள் வரும்.

ஏன் அப்படி? இங்கேதான் எச்சத்துக்கும் பார்த்திசிப்புக்கும் உள்ள ஆழமான வேறுபாடு. தமிழ்ப் பெயரெச்சம் செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்று ஆறையும் கொண்டு முடியும் என்பது நம் இலக்கணம். சாப்பிட்ட பிள்ளை, சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட இடம், சாப்பிட்ட நேரம், சாப்பிட்ட சோறு. எச்சம் ஒன்று, உறவு பல. எது என்பதைக் கேட்பவர் புரிந்துகொள்கிறார். பிரெஞ்சில் செயப்படுபொருள் குன்றாத வினையின் எச்சம் பெயரோடு சேர்ந்தால் செயப்படுபொருளை மட்டுமே சுட்டும். சாப்பிட்ட சோறு சரி. சாப்பிட்ட பிள்ளை என்று நேரடியாகச் சொன்னால் அந்தப் பிள்ளையைப் புலி சாப்பிட்டிருக்க வேண்டும். வா, போ, பிற, சா போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் இல்லை; எச்சம் எழுவாயின் மேலேயே ஏறி உட்காரும். ஆகவே அங்கே இரு பொருந்துகிறது. பெண் வந்திருந்தால் எழுத்தில் பெண்பால் குறியும் சேர்கிறது. துணைவினைப் பட்டியலைத் தனியாக உருப்போடுவதைவிட இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

எதிர்த்திசையில் வந்தவர்கள்

இதே மலையை மறுபக்கத்திலிருந்து ஏறியவர்களும் உண்டு. வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் இத்தாலியப் பாதிரியார் பெஸ்கி லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் மூசே, துப்புய் என்ற பிரெஞ்சுக் குருமார் தமிழ்-பிரெஞ்சு அகராதி தொகுத்தார்கள். நட நடந்தான், கட கடந்தான், அள அளந்தான் என்று போகையில் அழை அழைத்தான் ஆவதைக் கண்டு அவர்களும் நோட்டில் வரிசை போட்டிருப்பார்கள். கடைசியில் ஐரோப்பிய இலக்கணக்காரர்கள் தமிழ் வினைகளை இறந்தகாலத்தை வைத்தே வகுத்து எண் கொடுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலும் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு எண் நிற்கும். பிரெஞ்சு மாணவர் கையில் இருக்கும் பெஷெரெல் வினைநூலிலும் இதே உத்திதான்: எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரி வாய்பாடுகள், ஒவ்வொரு வினைக்கும் ஓர் எண். நன்னூலாரோ அதற்கெல்லாம் முன்பே, ஈற்றெழுத்தை வைத்து 23 மாதிரி வினைகளை ஒரே நூற்பாவில் அடுக்கிக் காட்டியிருந்தார். தாய்மொழிக்காரன் ஓசையில் அடுக்கினான். அயலான் எண்ணில் அடுக்கினான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் முடிந்தது. ஓய்வு பெற்ற பிரெஞ்சுப் படைவீரரை அந்த ஊர் இன்னும் 'சொல்தா' என்கிறது. பெயர்ச்சொற்கள் இப்படித் தமிழுக்குள் குடியேறின. எச்சங்கள் குடியேறவில்லை. ஒரு மொழியின் பெயர்களை இரவல் வாங்கலாம். வினை உருவங்களை வாழ்ந்துதான் பெற வேண்டும். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்த பலருக்கு நூற்றுக்கு நூறும் மறதியும் ஒன்றாகக் கிடைத்ததற்கும் இதுவே காரணம். இப்போது பிரெஞ்சு எடுக்கும் காரணம் மாறுகிறது. 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பதாக பிரான்ஸ் அறிவித்திருக்கிறது. அங்கே போய் வாடகை வீடு தேடுகிறவளுக்கு, விடைத்தாளில் எழுதிய எச்சம் வாயிலும் வர வேண்டும்.

அந்நியன் பாறை

சுந்தரபாண்டியபுரத்துக்கு வெளியே வண்ணம் பூசிய பாறைகள் இருக்கின்றன. 2005-இல் வந்த அந்நியன் படப் பாட்டுக்காக நடிகர்களின் முகங்களைத் தீட்டியவை. இன்றும் அந்நியன் பாறை என்றே பெயர். மழை விட்டதும் அங்கே நடந்தோம். வெ. ஸ்ரீராம் தமிழாக்கிய ஆல்பெர் காம்யு நாவலுக்கும் இதே தலைப்புதான் என்று சொன்னேன். 1942-இல் வெளிவந்த அந்த நாவல், இலக்கிய உரைநடைக்கென்று பிரெஞ்சில் வைத்திருந்த தனி இறந்தகாலத்தை ஒதுக்கிவிட்டு, பேச்சு வழக்கின் பஸ்ஸே கொம்போஸேயில் நடப்பது. 1943-இல் சார்த்தர் அதைப் பற்றி எழுதியபோது, ஒரு வாக்கியம் அடுத்ததோடு ஒட்டாமல் தனித்து நிற்பதற்கு இந்தக் காலமே காரணம் என்று காட்டினார். துணைவினை ஒரு பக்கம், எச்சம் ஒரு பக்கம். செயல் முடிந்து உறைந்து கிடக்கிறது. நாவலின் முதல் வாக்கியம் ஒரு தாயின் சாவைச் சொல்கிறது. அதில் வருவது 'மோர்த்'. ஒழுங்கற்ற எச்சம், பெண்பால் குறியோடு, 'இரு' துணையோடு.

"அப்போ இத ஒண்ண மனசுல வச்சா மூணு விதி சேந்து வந்துரும்," என்றாள்.

நினைவு பற்றிய ஆய்வும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மூடிவைத்து எழுத வேண்டியது பட்டியலாக இருக்கத் தேவையில்லை. அன்றன்று நடந்ததாக இருக்கலாம்.

அன்று இரவு அறுபதும் சுருங்கிப்போனது. ப்ராந்த்ர் என்ற ஒன்று தெரிந்தால் அப்ராந்த்ர் (கல்), கொம்ப்ராந்த்ர் (புரிந்துகொள்) எல்லாம் 'ப்ரி' என்ற வாலைத் தாமே கொண்டுவரும். மெத்ர், வெனீர் வழி வந்தவையும் அப்படியே. மிச்சத்தை ஓசைப்படி பிரித்தோம். வ்யு, ல்யு, ப்யு, ஸ்யு ஒரு வீட்டுப் பிள்ளைகள்: பார்த்த, படித்த, குடித்த, அறிந்த. ஊவேர் என்பதோடு கொடையும் துன்பமும் மூடுதலும் ஒரே எதுகையில் வந்தன. எந்த வீட்டிலும் சேராமல் நின்றவை ஏழெட்டு.

மறுநாள் காலை நோட்டின் புதுப் பக்கத்தில் பட்டியல் இல்லை. முந்தின நாளை எழுதியிருந்தாள்: மலை பார்த்தது, மழை வந்தது, காப்பி குடித்தது, பாறைக்குப் போனது. ஒன்பது வரி. ஓரிடத்தில் 'ப்ராந்த்யு' என்று எழுதி அடித்திருந்தாள்.

"அடிச்சத அப்படியே விட்டுரு," என்றேன். விதி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இனி அதை மீறப் பழக வேண்டியதுதான் மிச்சம்.